குடும்பத்தோடு புது ஹோட்டலுக்கு முதல் தடவை: நீங்கள் என்னென்ன பார்ப்பீர்கள்?

புதுவீடு

வீடு மாறி வந்திருக்கிறோம். நடந்து போகிற தூரத்திலேயே சில ஹோட்டல்கள் இருக்கின்றன. ஒன்றிலும் இன்னும் கால் வைக்கவில்லை. நானும் அவரும் மட்டும் என்றால் பசித்த நேரத்தில் எதிர்ப்படுகிற கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவோம். ஆனால் கூட மாமனார், மாமியார், பெரியவள், சின்னவன். மாமாவுக்குக் காதில் கருவி. அத்தைக்குச் சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். பெரியவள் எதைக் கொடுத்தாலும் ஒரு கை பார்ப்பாள். சின்னவனுக்கு மூன்று வயது; தெரியாத எதையும் வாயில் வாங்க மாட்டான்.

"நட்சத்திரம் அதிகம் இருக்கிற இடமாகப் பார்த்துப் போவோம், இதில் என்ன யோசனை?" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. நட்சத்திரம் போட்டவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு பட்டாளத்தோடு போயிருப்பார்கள்? ஊர், கடைப் பெயர் எதுவும் வேண்டாம். முன்பின் தெரியாத இடத்துக்குக் குடும்பமாகப் போகும்போது என்ன பார்ப்பீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.

காரசாரம்

நான் ஒன்றும் பார்க்க மாட்டேன். போவேன், உட்காருவேன், பக்கத்து மேசைக்காரர் தட்டில் என்ன இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன், அதையே கேட்பேன். நன்றாக இருந்தால் கொண்டாட்டம். இல்லாவிட்டால் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வரலாம். குடும்பம் முழுக்க ஒரே ஆளை ஒற்றுமையாகத் திட்டும் வாய்ப்பு அடிக்கடி அமையாது. எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்துவிட்டுப் போனால் அது சாப்பாடா, பரீட்சையா?

ஓரமேசை

ஹோட்டல் அடுக்களையில் சில வருஷம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் தடவை கூட்ட நேரத்தில் போகாதீர்கள். விடுமுறை நாள் இரவில் எல்லா மேசையும் நிறைந்திருக்கும்போது எந்தச் சமையல்காரரும் தன் முழுக் கைவண்ணத்தைக் காட்ட முடியாது. ஆர்டர் சீட்டு வரிசையாகத் தொங்கும். கை போகிற வேகத்தில் தட்டு போகும். அதற்காக வெறிச்சோடிக் கிடக்கிற நேரத்திலும் போகக் கூடாது. மதியக் கூட்டம் கலைந்து மாலை தொடங்குவதற்குள் போனால், மிஞ்சியதைச் சூடாக்கித் தருவதற்கு வாய்ப்பு அதிகம். அடுப்பு மூட்டி எல்லாம் தயாராகி, கூட்டம் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கும் அல்லவா, அதுதான் நல்ல நேரம். சர்வருக்கு நின்று பேச முடியும். மேசை மாற்றிக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்.

அப்புறம் மெனு. பக்கம் பக்கமாகப் போகிற மெனுவில் இருப்பதெல்லாம் அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய எந்த அடுக்களையிலும் இடம் கிடையாது. மூன்று நான்கு அடிப்படைக் குழம்புகளை முன்கூட்டியே கொதிக்க வைத்திருப்பார்கள். ஆர்டர் வந்ததும் அதில் ஒன்றை எடுத்து, மேலே இதையும் அதையும் சேர்த்து, வேறு வேறு பெயரில் அனுப்புவார்கள். இது ஏமாற்று இல்லை, தொழில் அப்படி. ஆனால் நீங்கள் "காரம் கம்மியாக" என்று கேட்கும்போது சர்வர் தலையாட்டினாலும், காலையிலேயே குழம்பில் ஏறிவிட்ட காரத்தை யாராலும் இறக்க முடியாது. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "ஆர்டர் கொடுத்த பிறகு புதிதாகச் செய்வது எது?" உப்பு, காரம், எண்ணெய் எல்லாம் அதில் மட்டும்தான் உங்கள் சொல் கேட்கும்.

கடை திறந்த முதல் சில வாரங்களில் போவதையும் தள்ளிப்போடலாம். அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருவர் கை ஒருவருக்குப் பழக நாளாகும்.

எண்கணக்கு

நட்சத்திரத்தை அடியோடு தள்ள வேண்டாம், அக்கா. அதைப் படிக்கிற விதம் ஒன்று இருக்கிறது.

2011-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகர உணவகங்களை வைத்து வாடிக்கையாளர்கள் கடைகளுக்கு நட்சத்திரம் போடும் யெல்ப் தளத்து மதிப்பீடுகளை ஆராய்ந்தார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. அதுவும் தனிக் கடைகளுக்குத்தான். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அந்த விளைவு இல்லை. ஆக, நட்சத்திரத்தில் காசு இருக்கிறது. காசு புழங்கும் இடத்தில் கள்ளமும் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

மிகவும் பிடித்தவரும் மிகவும் நொந்தவரும்தான் மெனக்கெட்டு எழுதுவார்கள். அதனால் நான் ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களைத் தேடிப் படிப்பேன். "சுவை பரவாயில்லை, ஆனால் முக்கால் மணி நேரம் காக்க வைத்தார்கள்" என்பது போன்ற பயனுள்ள வரிகள் அங்கேதான் கிடைக்கும். பிறகு, தேடும் வசதி இருந்தால் 'சுவையான' என்று தேடாமல் குழந்தை, பாட்டி, சத்தம், படிக்கட்டு, தாமதம் என்று தேடுவேன். ஒரே குறையை ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று பேர் வெவ்வேறு மாதங்களில் சொல்லியிருந்தால் அது உண்மை. தேதியும் முக்கியம். சமையல்காரர் மாறினால் பழைய விமர்சனம் முழுக்க வேறொரு கடையைப் பற்றியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் எடுத்த படங்களில் சாப்பாட்டைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் தெரிவதைப் பாருங்கள். நாற்காலிக்குச் சாய்மானம் இருக்கிறதா, மேசைகளுக்கு நடுவில் எவ்வளவு இடம், வெளிச்சம் எப்படி எல்லாம் தெரிந்துவிடும்.

காரசாரம்

இவ்வளவையும் படித்து முடிப்பதற்குள் பசி அடங்கி வீட்டிலேயே எதையாவது சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன் தம்பி.

மூத்தகுடி

நான் அந்த மாமனார் வயதுக்காரன், காதில் கருவியும் உண்டு. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

சுவையெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான். முதலில் சத்தம். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல்; நிரம்பி வழியும் ஹோட்டலில் 80-ஐத் தொடுவது சகஜம். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரால்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஒரு மேசை குரலை உயர்த்தும், அதைக் கேட்டு அடுத்த மேசை உயர்த்தும், ஏறிக்கொண்டே போகும். எங்கள் கருவி பேச்சைப் பெரிதாக்கும்போது தட்டும் கரண்டியும் மோதுகிற ஓசையையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். ஒரு கட்டத்தில் நாங்கள் கருவியை அணைத்துவிட்டுச் சிரித்தபடி உட்கார்ந்திருப்போம். "தாத்தா சந்தோஷமாக இருக்கிறார்" என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

ஆகவே மூலை மேசை கேளுங்கள் அம்மா. ஒலிபெருக்கி, அடுக்களைக் கதவு இரண்டுக்கும் தூரமாக. மேசைக்கு விரிப்பு, ஜன்னலுக்குத் துணித்திரை, மெத்தை வைத்த இருக்கை இருக்கிற இடங்களில் எதிரொலி குறைவு. கண்ணாடியும் பளிங்கும் மட்டும் இருந்தால் தலை கிறுகிறுக்கும். பேசுகிறவர்கள் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். பாதிப் பேச்சை நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறோம். அழகுக்காக இருட்டாக்கி வைத்திருக்கும் இடம் எங்களுக்கு இரட்டைத் தண்டனை, மெனுவும் படிக்க முடியாது.

இன்னொன்று. "உங்களுக்கு என்னப்பா, உங்களுக்கு ஆகிற மாதிரி ஏதாவது சொல்லிவிடுகிறேன்" என்று எங்களுக்காக நீங்களே முடிவு செய்யாதீர்கள். புது இடத்துக்குப் போகிற ஆசை எங்களுக்கும் உண்டு.

புதுவீடு

ஐயா, கருவியை அணைத்துவிடுவீர்கள் என்று இவரிடம் படித்துக் காட்டினேன். மாமாவும் அதைத்தான் செய்கிறாரா என்று கேட்டதற்குச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பே பதில் போலிருக்கிறது.

அரைத்தூக்கம்

மூன்று வயதுக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை. அது அடம் இல்லை, வயது. தெரியாத சாப்பாட்டைக் கண்டால் மிரள்வது இரண்டு முதல் ஆறு வயது வரை உச்சத்தில் இருக்கும். ஒரு புதுச் சுவை பிடிபட 8 முதல் 15 தடவை வரை கூடக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதை ஒரே நாளில், நாலு பேர் பார்க்க, ஹோட்டலில் வைத்து முடிக்க நினைக்கக் கூடாது. அவனுக்குத் தெரிந்த ஒன்றை வீட்டிலேயே கொஞ்சம் ஊட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள். அங்கே உங்கள் தட்டிலிருந்து ஒரு துணுக்கு அவன் முன்னால் கிடக்கட்டும். தொட்டால் தொடட்டும், தொடாவிட்டால் போகட்டும். "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சாதீர்கள்.

ஆர்டர் கொடுக்கும்போதே குழந்தைக்கு உள்ளதை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். மேசையில் கிண்ணத்தில் வறுத்த கடலை, முந்திரி போன்ற பருப்பு வகை எதுவும் வைத்திருந்தால் அதை நகர்த்துங்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுப் பருப்பு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையும் அப்படித்தான், நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். காரம் பட்டு அழுதால் தண்ணீர் கொடுத்துப் பயனில்லை. மிளகாயில் எரிக்கிற பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பால் அல்லது தயிர் கொடுங்கள்.

அப்புறம் வெளியேறும் வழி. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஒரு நடை போய்வரலாம். மூத்தகுடி ஐயாவின் மூலை மேசைக்கும் இதற்கும் ஒத்துவராது என்று தெரியும். நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி

மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் மாமியார் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது, அதை யாரும் தொடவில்லை.

வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் பொதுவாகச் சாப்பாட்டுக்குச் சுமார் 15 நிமிஷம் முன்னால் போடச் சொல்வார்கள். பழைய ரகமான ரெகுலர் இன்சுலின் என்றால் அரை மணி நேரம் முன்னால். வீட்டில் அது சிரமமில்லை, சாப்பாடு எப்போது தட்டில் விழும் என்று தெரியும். முதல் தடவை போகிற ஹோட்டலில் அது தெரியாது. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு கிளம்பி, அங்கே மேசைக்குக் காத்திருந்து, ஆர்டர் தாமதமாகி, சர்க்கரை கீழே இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "பசி மயக்கம்" என்று கூட இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

எந்த ரகம் போடுகிறார், வெளியே சாப்பிடும் நாளில் எப்போது போடலாம் என்று அவருடைய மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கண்ணுக்கு முன்னால் வந்த பிறகு போடச் சொல்லிப் பல மருத்துவர்கள் அனுமதிப்பார்கள், ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை. கையில் சர்க்கரை மானி இருக்கட்டும். அளவு 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அல்லது அரைக் கோப்பைப் பழச்சாறு, உடனே. 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை. கேக், ஐஸ்கிரீம் எல்லாம் இதற்கு உதவாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும்.

ஓரமேசை சொன்ன கூட்டமில்லாத நேரம் வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே சரி. ஆனால் அது அத்தையின் வழக்கமான சாப்பாட்டு நேரத்திலிருந்து ரொம்பத் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலைவேண்டாம்

இழை கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பையனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. காரசாரம் அண்ணன் சொல்வது போல ஓரக்கண்ணால் பார்த்து ஆர்டர் கொடுக்கிற கொடுப்பினை எங்களுக்கு இல்லை.

முதலில் போன். அதுவும் சாப்பாட்டு நேரத்தில் இல்லை, ஓய்வாக இருக்கும் நேரத்தில். எடுக்கிறவரிடம் சொல்லிவிட்டு, அடுக்களையில் இருப்பவரிடம் பேச முடியுமா என்று கேட்பேன். "கடலை போடுவீர்களா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அவர்கள் மனதில் கண்ணுக்குத் தெரிகிற முழுக் கடலைதான் இருக்கும். அதனால் ஆம், இல்லை என்று சொல்லி முடிக்க முடியாதபடி கேட்பேன். எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்? அதே சட்டியில் வேறு என்னென்ன பொரிப்பீர்கள்? குழம்பு கெட்டியாக என்ன அரைத்து ஊற்றுகிறீர்கள்? மேலே தூவுகிற பொடியில் என்ன இருக்கிறது? கரண்டி தனியா, பொதுவா? பதில் சொல்கிறவர் "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றால் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வரும். யோசிக்காமல் "ஒன்றும் ஆகாதுங்க" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவேன்.

பலருக்குத் தெரியாதது ஒன்று. வறுத்தாலும் பொரித்தாலும் கடலையின் ஒவ்வாமைப் புரதம் அழியாது. "நல்லா வெந்ததுதானே" என்பது சமாதானம் ஆகாது. கையிலும் மேசையிலும் படிந்ததைக் கைச் சுத்திகரிப்பான் திரவம் போக்காது. சோப்பும் தண்ணீரும் வேண்டும், அல்லது ஈரத் துடைப்பான். உட்கார்ந்ததும் மேசையைத் துடைக்கிற ஆளாகத்தான் என்னை எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

பரிமாறி வைத்திருப்பதை நாமே எடுத்துக்கொள்கிற பஃபே பக்கம் போகவே மாட்டோம். ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொன்றுக்குள் போவதை யாராலும் தடுக்க முடியாது. இனிப்புப் பகுதியும் முதல் தடவை கிடையாது.

அட்ரினலின் ஊசி இரண்டு பையில் இருக்கும். தொடையின் வெளிப்பக்கத்தில் போட வேண்டும், உடைக்கு மேலேயே போடலாம். மூச்சு இழுத்தாலோ குரல் கம்மினாலோ அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அந்த மாத்திரை அட்ரினலினுக்கு மாற்று இல்லை. ஊசி போட்ட பிறகு சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்து அதே ஒவ்வாமை இரண்டாவது தடவை வரலாம்.

ஓரமேசை

கடலைவேண்டாம் கேட்கிற கேள்விகள் அத்தனையும் சரி. அடுக்களைப் பக்கமிருந்து ஒன்று சேர்க்கிறேன். போனில் சொன்னது போதாது. அன்று போனை எடுத்தவர் அடுத்த நாள் விடுப்பில் இருப்பார். உள்ளே நுழைந்ததும் ஒரு தடவை, ஆர்டர் கொடுக்கும்போது ஒரு தடவை, தட்டு வந்ததும் ஒரு தடவை சொல்லுங்கள். வாயால் சொன்னதைவிட ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அது ஆர்டரோடு சேர்ந்து உள்ளே போகும். சூட்டிலும் இரைச்சலிலும் நிற்கிறவனுக்குக் காதைவிடக் கண் நம்பகமானது.

ஒவ்வாமை இல்லாமல் வெறுமனே பிடிக்காத பொருளை "எனக்கு ஒவ்வாமை" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அடுக்களையில் பாதி பேர் இதை நம்பாமல் போவதற்குக் காரணம் அதுதான்.

காரசாரம்

ஒவ்வாமையும் இன்சுலினும் இருக்கிற வீட்டில் என் வழி ஆகாது, சரி. ஆனால் இங்கே இன்னொரு யோசனை மெதுவாக உள்ளே வரும் பாருங்கள்: ஒருவர் முன்னதாகப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து மற்றவர்களைக் கூட்டிப் போவது. அதை எதிர்க்கத்தான் வந்தேன். "நான் சாப்பிட்டேன், பிரமாதம்" என்று சொல்லிக் கூட்டிப் போனவர் அன்றைக்கு ஒரு பருக்கைகூட நிம்மதியாகச் சாப்பிட மாட்டார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். உப்பு கூடினால் சமையல்காரருக்குப் பதில் அவர் பழி ஏற்பார். மற்றவர்களும் நன்றாக இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல் மென்று விழுங்குவார்கள். எல்லோருக்கும் புதிது என்றால்தான் எல்லோரும் ஒரே கட்சி.

ஓரமேசை

இது நியாயமான பேச்சு. அதனால்தான் போய்ப் பார்க்கிறவர் சாப்பிடவே வேண்டாம் என்பேன். உள்ளே போய் மெனு கேளுங்கள், நிற்கிற ஐந்து நிமிஷத்தில் கண்ணை ஓட்டுங்கள். வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா, கழிவறை எந்தப் பக்கம், தரை வழுக்குமா, நாற்காலி எடுத்துப் போடக்கூடியதா அல்லது தரையோடு பொருத்தியதா. கழிவறை சுத்தமாக இருந்தால் அடுக்களையும் சுத்தம் என்று எழுதுகிறார்கள். நான் அதை நம்ப மாட்டேன், இரண்டையும் துடைப்பது வேறு வேறு ஆட்கள். உங்கள் அத்தைக்கும் குழந்தைக்கும் அது தேவைப்படும், அதற்காகத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

சுத்தத்துக்கு வேறு அடையாளம் பாருங்கள். காசு வாங்கிய கை அப்படியே சாப்பாட்டைத் தொடுகிறதா? சூடாக இருக்க வேண்டியது ஆவி பறக்க இருக்கிறதா? உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளில் இதெல்லாம் வருகிறது. சூடானது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட வெதுவெதுப்புதான் கிருமிக்கு விருந்து. வெதுவெதுப்பாக ஒரு தட்டு வந்தால் கூச்சப்படாமல் சூடாக்கித் தரச் சொல்லுங்கள்.

சுவையை மட்டும் எல்லோரும் சேர்ந்தே கண்டுபிடியுங்கள்.

காரசாரம்

இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நடக்காது.

எண்கணக்கு

ஆர்டர் கொடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. பாதிச் சண்டை அங்கேதான். 2000-ல் ஏரியலி, லெவாவ் என்ற இருவர் ஒரு மதுக்கூடத்தில் சோதனை செய்தார்கள். ஒரு மேசையில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாகச் சொல்லித் தேர்ந்தெடுத்தபோது, முன்னால் சொன்னவர் கேட்டதை விட்டு வேண்டுமென்றே வேறொன்றைக் கேட்டார்கள்; கடைசியில் தாங்கள் எடுத்ததில் அவ்வளவாகத் திருப்தி இல்லை. யாருக்கும் தெரியாமல் தனித்தனியாக எழுதிக் கொடுத்தவர்களுக்குத் திருப்தி அதிகம். சத்தமாகச் சொன்னவர்களில் முதலில் சொன்னவர் மட்டும் தப்பித்துக்கொண்டார். ஹாங்காங்கில் இதே சோதனையைச் செய்தபோது ஆட்கள் முன்னவர் கேட்டதையே கேட்கும் பக்கம் சாய்ந்தார்கள். எப்படியும் தான் நினைத்ததைக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு வகையும் உண்டு. அதனால் மெனுவைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவரும் மனதுக்குள் முடிவு செய்த பிறகே சர்வரைக் கூப்பிடுவோம், பெரியவர்கள் முதலில் சொல்வார்கள்.

மூத்தகுடி

எங்கள் வீட்டில் நான் முதலில் சொன்னால் மருமகள் உட்பட எல்லோரும் "எனக்கும் அதுவே" என்பார்கள். மரியாதையாம். ஆறு பேர் போய் ஒரே பண்டத்தை ஆறு தட்டில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே நான் கடைசியில்தான் சொல்வேன். அந்த ஹாங்காங்காரர்கள் எங்களுக்குச் சொந்தம் போலிருக்கிறது.

அரைத்தூக்கம்

பங்கிட்டுச் சாப்பிடுகிற குடும்பம் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. ஆளுக்கு ஒன்று என்று கேட்காமல் ஆட்களைவிடக் குறைவாக ஆர்டர் கொடுங்கள். முதல் தடவை அளவு எவ்வளவு வரும் என்று தெரியாது. போதவில்லை என்றால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம், வந்ததைத் திருப்பி அனுப்ப முடியாது.

நெறியாளர்

நீக்கப்பட்ட இரண்டு பதிவுகள் குறிப்பிட்ட கடைகளைப் பெயர் சொல்லித் திட்டியவை. இழையைத் தொடங்கியவர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார்.

புதுவீடு

போய்விட்டு வந்தோம்.

முந்தின நாள் நான் மட்டும் உள்ளே போய் மெனு கேட்டு நின்றேன். முதலில் நினைத்திருந்த கடையில் கழிவறை மாடியில், கைப்பிடி இல்லாத படி. அது அப்போதே கழிந்தது. அடுத்த கடையில் தரைமட்டத்திலேயே எல்லாம் இருந்தது. நட்சத்திரக் கணக்கில் அது முதலாவதைவிடக் குறைவு. வீட்டுக்காரருக்கு அதில் மனத்தாங்கல்.

அத்தையின் மருத்துவர், தட்டு வந்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். சர்வரிடம் அத்தைக்கு உள்ளதை முதலில் கேட்டோம், அதுதான் கடைசியில் வந்தது! நல்ல வேளை, கையில் ஊசி அப்படியே இருந்தது. மாமாவுக்கு மூலை மேசை கிடைத்தது, கதவு தூரம். சின்னவன் ஒரே ஒரு தடவைதான் வெளியே போக வேண்டியிருந்தது, மாமாவே தூக்கிக்கொண்டு போனார். அவருக்கும் காற்று வாங்கக் காரணம் கிடைத்தது. சின்னவன் சாப்பிட்டது எதுவுமில்லை, ஒரு துணுக்கை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அக்காவின் பொம்மைக்கு ஊட்டினான்.

சாப்பாடு? பெரியவளுக்கும் மாமாவுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும் அத்தைக்கும் சுமார். "ஆர்டருக்குப் பிறகு செய்வது எது" என்று கேட்டு வாங்கிய ஒன்று மட்டும் தனியாக நின்றது, மற்றதெல்லாம் ஒரே ருசியில் வேறு வேறு நிறம். வீட்டுக்காரர் இப்போது அந்த மாடிக் கடையிலிருந்து பார்சல் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்போம் என்கிறார்.

ஓரமேசை

பார்சலை வைத்துக் கடையை எடை போடாதீர்கள். மூடி போட்ட ஆவியில் மொறுமொறுப்பு போய்விடும்; மேசைக்கு வருவதும் டப்பாவில் வருவதும் ஒன்றல்ல. ஒரு தடவை போனதை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். உணவு விமர்சனத்தைத் தொழிலாகச் செய்கிற நல்ல பத்திரிகைக்காரர்களே ஒரே கடைக்குப் பல தடவை போன பிறகுதான் எழுதுவார்கள்.

அரைத்தூக்கம்

பார்சல் என்றதும் ஒரு சந்தேகம். மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அப்படியே நாலு இடம் சுற்றிவிட்டு இரவு வீட்டுக்கு வந்து சூடாக்கிச் சாப்பிடலாமா? நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும்தானே?

இரவுப்பணி

போதாது. சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அந்தக் கணக்கு அடுப்பிலிருந்து இறக்கியதிலிருந்து ஓடுகிறது, நீங்கள் டப்பாவில் கட்டியதிலிருந்து இல்லை. மேசையில் பேசிக்கொண்டிருந்த நேரமும் அதில் சேர்த்தி. வெந்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்த பிறகும் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பில் அவை பெருகி உண்டாக்குகிற, வாந்தி வரவழைக்கும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. நேராக வீட்டுக்குப் போய்க் குளிர்ப்பெட்டியில் வைப்பதானால் கட்டி வாங்குங்கள், அடுத்த நாள் உள்ளும் புறமும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். சுற்றப் போவதானால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அரைத்தூக்கம்

அப்படியானால் முதலில் சுற்றிவிட்டுக் கடைசியில் சாப்பிடப் போகிறோம். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடுவது எப்படி என்று தெரிந்தவர்கள் தனி இழை தொடங்குங்கள்.